ஆளு நல்ல வெள்ளம்

அந்த அறையில் பதினொரு பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஒன்றுக்கு மட்டும் ஒரு கால் வளைந்திருந்தது. என் ராசி, அது எனக்கு வாய்த்தது.

திருவனந்தபுரத்தில் ஓர் அரசு மருத்துவமனை. குடியிலிருந்து மீட்கிற பிரிவு. உள்ளே வார்டில் என் தங்கை கோமதியின் கணவர் சிவதாணு படுத்திருந்தார். சனிக்கிழமை காலையில் வீட்டாருக்கென்று ஒரு கூட்டம் உண்டு, கட்டாயம் வர வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வந்து உட்கார்ந்திருந்தோம். ஃபினாயில் வாசனை. தலைக்கு மேலே மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை 'டக்' என்று சத்தம் போட்டது.

கவுன்சலர் முப்பது வயதுகூட நிரம்பாத பெண். பாறசாலைப் பக்கத்துக்காரி, எல்லைப் பகுதி என்பதால் தமிழும் கலந்து பேசினாள். எல்லோருக்கும் பால் விடாத கட்டன்சாயா வந்தபிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இது சும்மா குடி இல்ல, பிரஸ்னமாணுன்னு உங்களுக்கு ஆத்யமாயிட்டு எப்போ மனசிலாச்சு?"

இது பிரச்சினை என்று முதன்முதலில் எப்போது தெரிந்தது என்கிறாள். ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும், இடது பக்கத்திலிருந்து. எண்ணிப் பார்த்தேன். எனக்கு முன்னால் ஆறு பேர். ஆறாவது ஆள் கோமதி.

எனக்குப் பதில் தெரியும். தெரிந்ததுதான் சங்கடம். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அதை யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்தவளிடம் சொல்லவே இல்லை.

இந்த வாரம் சிரிப்பு கம்மி

இந்தப் பக்கத்தில் சில மாதங்களாக நான் மருந்துப் பை தூக்கித் திரிந்த கதையை எழுதி வருகிறேன். போன வாரம் மோட்டார் சைக்கிள் ஆரல்வாய்மொழிக் காற்றில் சரிந்த கதையைப் படித்துவிட்டு, ஒரு வாசகர் 'வாரா வாரம் சிரிக்க வைக்கிறீர்கள்' என்று கடிதம் போட்டிருக்கிறார். அவர் இந்த வாரம் என்னை மன்னிக்க வேண்டும். இதிலும் முதல் பாதி சிரிப்புக் கதைதான். சிரித்துச் சிரித்துத்தான் அதை இத்தனை வருடம் மூடி வைத்தேன்.

டீக்கடை விசாரணை

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. சொந்த ஊர் திருநெல்வேலி. ஒரு மருந்துக் கம்பெனியில் மெடிக்கல் ரெப். கோமதிக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பூர்வீகம் நாஞ்சில் நாடு, மூன்று தலைமுறையாகத் திருவனந்தபுரம் ஆரியசாலையில் குடியிருப்பு. மாப்பிள்ளை ஓர் அரசு அலுவலகத்தில் கட்டட வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன். ஜாதகம் பொருந்திவிட்டது.

"நீ பையத் தூக்கிட்டு ஊரூராச் சுத்துதவன்தானல. ஒரு எட்டு போயி ஆபீஸ்ல விசாரிச்சிட்டு வா" என்றார் அப்பா.

கம்பெனி அந்த மாதம்தான் நாகர்கோவிலோடு திருவனந்தபுரத்தையும் என் தலையில் கட்டியிருந்தது. எனக்கு மலையாளம் தெரியாது. தெரியாது என்று ஒத்துக்கொள்ளவும் தெரியாது. தமிழைக் கொஞ்சம் மூக்கால் பேசினால் போதும் என்று நினைத்திருந்த வயசு.

அலுவலகத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கே அந்த அலுவலகத்துப் பியூன் ஒருவர் பழம்பொரி, நேந்திரம்பழ பஜ்ஜி, தின்றுகொண்டிருந்தார். டீ வாங்கிக் கொடுத்து, சிவதாணு ஆள் எப்படி என்று கேட்டேன். பக்கத்தில் ஒரு பஸ் இரைந்துகொண்டு நின்றது. அவர் டீயை ஊதிவிட்டுச் சொன்னார்.

"ஜோலியில் மிடுக்கன். பக்ஷே, ஆளு நல்ல வெள்ளமா."

நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதைப் போல நிறுத்தி, "நல்ல வெள்ளமா, கேட்டோ" என்றார். நான் இன்னொரு பழம்பொரி வாங்கிக் கொடுத்தேன்.

மிடுக்கன் என்றால் கெட்டிக்காரன், அது புரிந்தது. மலையாளத்தில் 'பக்ஷே' என்றால் 'ஆனால்'. அது எனக்குத் தெரியாது. 'பட்சம்' என்று காதில் விழுந்தது. பட்சமான ஆள், பாசக்காரன் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். 'வெள்ளமா' என்பது என் காதில் வெள்ளந்தி ஆகிவிட்டது. கள்ளங்கபடம் இல்லாத ஆளை நாங்கள் அப்படித்தானே சொல்வோம்.

மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். கூடவே இன்னொன்றும் உண்டு. நம் பக்கம் குடிப்பவனை 'தண்ணி போடுதான்' என்போம், அவர்கள் 'வெள்ளம்' என்பார்கள். எத்தனையோ விஷயத்தில் ஒத்துப்போகாத இரண்டு மொழிக்காரர்களும், பாவம், பச்சைத் தண்ணீர் மேல் பழியைப் போடுவதில் ஒற்றுமையாக இருந்திருக்கிறோம். ஆளு நல்ல வெள்ளமா என்றால், ஆள் மொடாக்குடியன் என்று அர்த்தம்.

ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன்: "பட்சமான ஆளாம்ப்பா. வெள்ளந்தியாம். ரெண்டு தடவ சொன்னாரு."

கதவுக்குப் பின்னால் கோமதி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கொலுசுச் சத்தம் அடுப்படிப் பக்கம் ஓடியது. ஆவணியில் கல்யாணம் நடந்தது.

முதல் நாற்காலி, இரண்டாம் நாற்காலி

அறையில் முதலில் பேசியவர் விழிஞ்ஞத்திலிருந்து வந்த ஒரு பெண். கணவன் மீன்பிடிக்கிறவர். கடலிலிருந்து வந்ததும் முதலில் பிள்ளை எங்கே என்றுதான் கேட்பாராம். ஒருநாள் வந்தார், பிள்ளையைக் கேட்கவில்லை, நேரே போய் வலைக் குவியலுக்குள் கையை விட்டுப் பாட்டிலைத் துழாவினார். அன்றைக்குத் தெரிந்தது என்றாள். சொல்லிவிட்டுக் கட்டன்சாயாவை ஒரே மடக்கில் குடித்தாள்.

இரண்டாவது, இஸ்திரி போட்ட சட்டைக்காரர் ஒருவர். மகன் உள்ளே இருக்கிறான். "எனக்கு இன்னும் மனசிலாகல. இவ அழுததுகொண்டு வந்தேன்" என்றார். பக்கத்தில், அழுது அவரை வரவைத்த மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். யாரும் சிரிக்கவில்லை. நாங்கள் எல்லோரும் ஒரு காலத்தில் போட்டுத் திரிந்த சட்டைதான் அது.

நான் கேட்டதும் பொய் இல்லை

கொடுமை என்னவென்றால், சிவதாணு உண்மையிலேயே பட்சமான ஆள். வெள்ளந்தியும்கூட. நான் தப்பாகக் கேட்டு வந்து சொன்னது அத்தனையும் சரியாக இருந்தது.

இங்க் பேனாவால் கோடு இழுத்தால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். மார்கழி பிறந்துவிட்டால் கோமதிக்குக் கோலங்களைப் புள்ளி வைத்து, வளைவு மாறாமல், டிராயிங் தாளில் வரைந்து கொடுப்பார். நான் வருகிறேன் என்று தெரிந்தால் மழையானாலும் தம்பானூர் பஸ் நிலையத்தில் குடையோடு நிற்பார். "அத்தான், பை கனக்குமாக்கும். இங்க தாரும்" என்று வாங்கிக்கொள்வார். சாயங்காலம் 'இப்ப வாறேன்' என்று வெளியே போவார். வரும்போது வாயில் ஏலக்காய் மணக்கும். ஆரியசாலையில் மளிகை மொத்தக் கடைகளுக்குப் பின்னால்தான் வீடு. தெருவே மிளகாய் வற்றலும் சுக்கும் மணக்கிற இடத்தில் ஏலக்காயை யார் தனியாகக் கவனிப்பார்கள்?

கல்யாணமாகி இரண்டாம் வருடம். சாலைக் கடைத்தெருப் பக்கம் ஒரு டாக்டரின் வரவேற்பறையில் நாலைந்து ரெப்புகள் காத்திருந்தோம். கொல்லத்துக்காரன் ஒருவன், முந்தின நாள் தன் மேனேஜர் இருந்த கோலத்தைப் பற்றி, "இன்னலெ ஃபுல் வெள்ளமாயிருந்நு" என்றான். வெள்ளம் என்றால் என்ன என்று கேட்டேன். அவன் கட்டை விரலை வாய்க்கு நேரே சரித்துக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மிச்சம் இருந்த டாக்டர்களைப் பார்க்காமல் நேரே ஆரியசாலைக்கு நடந்தேன். வழியெல்லாம் அந்தப் பியூனின் முகம்தான். இடுப்பில் கைக்குழந்தையோடு கோமதி கதவைத் திறந்தாள்.

"என்ன அண்ணே, மொகம் வாடிக் கெடக்கு?"

"வெயிலு" என்றேன்.

அதற்குள் இந்த ஊர்ப் பேச்சு அவள் நாக்கில் ஒட்டத் தொடங்கியிருந்தது. "இந்தா, கொஞ்சம் வெள்ளம் குடி" என்று செம்பை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். சொல்லத்தான் வந்தேன், சொல்லாமல் திரும்பினேன்.

அண்ணன் கொண்டுபோன சீர்

தங்கைக்கு அண்ணன் பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள்குலையும் கொண்டுபோவது வழக்கம். நான் கூடவே ஒன்றைக் கொண்டுபோனேன். கல்லீரலுக்கான டானிக், சாம்பிள் பாட்டில்கள். எங்கள் கம்பெனி சரக்குதான். "உடம்புக்கு நல்லது மாப்பிள்ள" என்று கொடுப்பேன். அவரும் ஏன் எதற்கு என்று கேட்காமல் வாங்கிக்கொள்வார். குடிக்கிறார் என்று எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒரு பாட்டிலைக் கைமாற்றி அந்தப் பேச்சை முடித்துக்கொண்டோம். நான் தினம் பத்து டாக்டர்களைப் பார்க்கிறவன். ஒருவரிடமும் வாயைத் திறந்து கேட்டதில்லை.

குடிநோய் என்றால் சாக்கடையில் விழுந்து கிடப்பது என்று நினைத்திருந்தோம். இவர் விழவில்லை. வேலைக்குப் போகிறார், கை நீட்டுவதில்லை, சத்தம் போடுவதில்லை. ஆகவே நோய் இல்லை. காலையில் எழ முடியாத நாட்களில் கோமதி அலுவலகத்துக்கு போன் செய்து 'அவருக்குச் சுகமில்ல' என்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையில், ஒருவருக்கொருவர் தெரியாமலே, குடும்பம் மொத்தமும் தேறிவிட்டோம்.

கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடுவார். நாற்பத்தொரு நாளும் ஒரு சொட்டு தொடமாட்டார். "நெனச்சா நிறுத்திருவாரு" என்று அவரவர் மனசுக்குள் சொல்லிக்கொள்ள எங்களுக்கு அது போதுமான சாட்சி. சில வருடங்களுக்குப் பிறகு மாலை போடுவதையே விட்டுவிட்டார். நாற்பத்தொரு நாள் அவரால் முடியாமல் போய்விட்டது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பக்தி குறைந்துபோயிற்றே என்று வருத்தப்பட்டோம்.

இதை எழுதும்போது எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

ஒண்ணாம் தேதிக் காய்ச்சல்

கோமதியின் முறை வந்தது. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு அவள் கவுன்சலரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினாள்.

"எனக்கு முன்னாடி என் மகதான் கண்டுபிடிச்சா. அப்போ அவ அஞ்சாம் கிளாஸ்."

கேரளத்தில் மாதத்தின் முதல் தேதி மதுக்கடைகளுக்கு விடுமுறை. தெரிந்தவர்கள் முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்வார்கள். சிவதாணுவும் வாங்கி வைப்பார். வைத்தது மறுநாள் மத்தியானம்வரை தாங்காது. அதற்குமேல் கை நடுங்கும், வியர்க்கும், சாப்பிட்டது தங்காது. கோமதி ரசம் வைத்துக் கொடுத்துப் போர்த்திப் படுக்க வைப்பாள். மகள் ரம்யா நாட்காட்டியில் ஒவ்வொரு மாதமும் ஒன்றைச் சுற்றி வட்டம் போட்டு 'அப்பாவுக்குக் காய்ச்சல்' என்று எழுதி வைத்திருந்தாள். முன்கூட்டியே. அடுத்த ஆறு மாதத்துக்கும்.

"காய்ச்சலு தேதி பாத்து வருமான்னு அவ என்கிட்ட கேட்டா. நான் அவள அடிச்சிட்டேன். அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

எனக்குத் தெரியாத கதை இது.

அதற்கப்புறமும் பதினைந்து வருடம் ஓடியது. வரைபடம் சுருட்டி வைக்கிற நீளக் குழாய்க்குள் பாட்டிலை அவர் வைத்திருந்ததை, இந்தக் கூட்டத்துக்கு முந்தின மாதக் கடைசியில் கோமதி கண்டுபிடித்தாள். அத்தனையையும் வாஷ்பேசினில் கொட்டிவிட்டாள். மறுநாள் ஒண்ணாம் தேதி. காலையில் நடுக்கம். பத்து மணிக்குச் சுவரில் எறும்பு ஊர்கிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தார், சுவரில் எறும்பு இல்லை. மத்தியானம் வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவசரப் பிரிவு டாக்டர் எங்களைத்தான் ஏசினார். இத்தனை வருடம் தினமும் குடித்த உடம்பை வீட்டில் வைத்து ஒரே நாளில் நிறுத்தினால் உயிரே போய்விடும், நிறுத்துவதென்றால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும் என்றார். மருந்து விற்றே தலை நரைத்த நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அங்கிருந்துதான் இந்தப் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

"நான் நல்லதுக்குத்தான் கொட்டினேன்" என்று முடித்தாள் கோமதி.

என் முறை

"சார் சொல்லுங்க" என்றாள் கவுன்சலர்.

வளைந்த நாற்காலி ஆடியது. காலை ஊன்றிக்கொண்டு சொன்னேன். கல்யாணத்துக்கு முன்பே எனக்குச் சொன்னார்கள் என்றேன். டீக்கடை, பஸ் சத்தம், பழம்பொரி, பக்ஷே, வெள்ளம், எல்லாம் சொன்னேன். 'பட்சமான ஆளாம், வெள்ளந்தியாம்' என்று அப்பாவிடம் சொன்னதைச் சொன்னதும் அறையில் சிரிப்பு வெடித்தது. விழிஞ்ஞத்துப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். இஸ்திரிச் சட்டைக்காரர்கூடச் சிரித்துவிட்டார். அங்கே இருந்தவர்கள் எல்லோருக்கும் இரண்டு மொழியும் கொஞ்சமாவது தெரியும், அதனால் ஒருவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கோமதி சிரிக்கவில்லை.

இரண்டாம் வருடமே எனக்கு அர்த்தம் தெரிந்துவிட்டது, சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். சிரிப்பு அடங்கியது.

கவுன்சலர் தன் நாற்காலியை என் பக்கம் கொஞ்சம் திருப்பிப் போட்டாள். பிறகு சொன்னாள்: "சாரே, சார் தப்பாக் கேட்டதுகொண்டு அவரு குடிகாரர் ஆகல. அந்தக் குடி சாரோடது இல்ல, சேச்சியோடதும் இல்ல. மிண்டாம இருந்தீங்களே, அது மட்டும் சாரோடது. இன்னைக்கு மிண்டியாச்சு."

மிண்டுவது என்றால் வாய் திறந்து பேசுவது. எனக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் குடிப்பவர்களின் வீட்டார் கூடுகிறார்கள் என்றும், நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் நாங்கள் போகலாம் என்றும், பெயர்கூடச் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினாள்.

வாசலில்

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்காக நின்றோம். வெயில் மண்டையைப் பிளந்தது.

"அண்ணே, நீ தப்பாக் கேட்டுட்டு வந்தது சரி. உனக்குப் பாஷை தெரியாது."

வந்து நின்ற ஆட்டோவை அவள் கை காட்டி அனுப்பிவிட்டாள்.

"ரெண்டாம் வருசம் தெரிஞ்சப்போ சொல்லியிருக்கலாம்லா? எனக்குக் கல்யாணம் ஆயாச்சு, பிள்ள பொறந்தாச்சு, ஒண்ணும் மாறியிருக்காது. ஆனா உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும். நீயும் அப்பாவும் அறியப்பிடாதுன்னு நான் எத்தன பொய் சொன்னேன். ஒத்தையில கெடந்து சொமந்தேன் அண்ணே."

அவள் அழவில்லை. அவளை ஏமாற்றியது ஒரு மலையாளச் சொல் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பறை பெஞ்சு

ஞாயிறு மூன்று மணிக்குப் போனோம். நாலாம் வகுப்புப் பெஞ்சு, முழங்கால் இடிக்கும். பலகையில் வாய்ப்பாடு அழிக்காமல் இருந்தது. முதல் மூன்று வாரம் கோமதி அழுதாள். நாலாவது வாரம் இன்னொருத்தி அழுதபோது இவள் கைக்குட்டை கொடுத்தாள்.

அங்கே யாரும் குடியை நிறுத்துவது எப்படி என்று சொல்லித்தரவில்லை. பாட்டில் தேடுவதையும், வாயை மோந்து பார்ப்பதையும், சத்தியம் வாங்குவதையும் நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் நாம் சாப்பிட்டோமா தூங்கினோமா என்று பார்க்கச் சொன்னார்கள். கோமதி அலுவலகத்துக்கு 'சுகமில்ல' என்று போன் செய்வதை விட்டாள். "நீங்களே விளிச்சுச் சொல்லுங்க" என்று போனை அவர் கையில் கொடுத்துவிட்டாள். நான் டானிக் கொண்டுபோவதை விட்டேன்.

சிவதாணு வீட்டுக்கு வந்தார். இரண்டு தடவை சறுக்கினார். முதல் தடவை நாங்கள் தூக்கிக்கொண்டு போனோம். இரண்டாவது தடவை, ஒரு காலையில், ஒரு பையில் வேட்டியும் துண்டும் எடுத்து வைத்துக்கொண்டு, நடுங்குகிற கையோடு, தனியாகவே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அங்கிருந்து கோமதிக்கு போன் செய்து, "நான் இங்க வந்தாச்சு. நீ பயப்படண்டாம்" என்றாராம். அதற்கப்புறம் கடைசிவரை தொடவில்லை. ஒன்றரை வருடம்.

அந்த ஒன்றரை வருடத்தில் கை நடுக்கம் நின்றது. ஒரு மார்கழிக்குக் கோலம் வரைந்து கொடுத்தார். ஆனால் கல்லீரல் ரொம்ப முந்தியே கெட்டுப்போயிருந்தது. ஒன்றிரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், கோமதியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பச்ச வெள்ளம்

கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது வயிறு வீங்கியிருந்தது. உடம்பில் நீர் சேர்வதால் குடிக்கிற தண்ணீருக்கும் அளவு வைத்துவிட்டார்கள். கோமதி ஒரு பாட்டிலில் அவருடைய டிராயிங் பேனாவாலேயே கோடு போட்டாள். ஒரு நாளைக்கு அந்தக் கோடு வரைக்கும்தான். "கோடு கோணலா இருக்காக்கும், கோமு" என்று சிரித்தார். உதடு வெடித்திருந்தது.

அன்று மத்தியானம். கோமதி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். நான் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தேன். பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன் என்று நினைவு. அவர் கண்ணைத் திறந்து என் கையைத் தொட்டார்.

"அத்தான்... கொஞ்சம் வெள்ளம்."

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ தெரியவில்லை. எந்தக் கிளைக் கதைக்கும் போகாமல் சொல்லிவிடுகிறேன். நான் சொன்னது இதுதான்:

"சாவக் கெடக்கையிலயும் அதுதானா மாப்பிள்ள?"

பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். சிவதாணு என்னையே பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். குழந்தையிடம் தப்பு செய்துவிட்டவரைப் போல ஒரு வெட்கம். கையை மெதுவாகத் தூக்கி, கோடு போட்ட பாட்டிலைக் காட்டினார்.

"பச்ச வெள்ளமாக்கும், அத்தான்."

வெறும் தண்ணீர். அந்த வீட்டில் இருபத்தைந்து வருடமாக நான் அந்தப் பெயரைச் சொல்லித்தான் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறேன். அவர் ஒன்றரை வருடமாக ஒரு சொட்டு தொடாதவர். எல்லாம் தெரிந்திருந்தும் அந்த ஒரு நொடியில் எனக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் வந்தது. முதல் தடவை கெட்டதை நல்லதாகக் கேட்டேன். கடைசியில் ஒரு மனுஷன் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டதைக் கெட்டதாகக் கேட்டேன்.

பாட்டிலில் தண்ணீர் கோடு வரைக்கும் இறங்கியிருந்தது. அன்றைய அளவு முடிந்துவிட்டது. நான் ஸ்பூனில் ஊற்றி வாயில் விட்டேன். விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கோமதி மருந்தோடு வந்தாள்.

"என்ன அண்ணே, கண்ணு கலங்கியிருக்கு?"

"ஃபேன் தூசி" என்றேன்.

மூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

எட்டு மாதம் ஆகிறது. ஞாயிறு மூன்று மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் இன்னமும் அந்த வகுப்பறைக்குப் போகிறோம். புதிதாக வருகிறவர்கள் கேட்டால் டீக்கடைக் கதையைச் சொல்லுவேன், சிரிப்பார்கள். இதை மட்டும் அங்கேயும் சொன்னதில்லை. வியாழக்கிழமை காலையில் கோமதி ஆரியசாலை முக்கில் இந்தப் பத்திரிகையை வாங்கி, நின்ற வாக்கில் முதலில் என் பக்கத்தைத்தான் பிரிப்பாள். முதல் தடவை வாயைத் திறக்க எனக்கு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆனது. இந்தத் தடவை எட்டு மாதம்.

கோமு, கடைசியாக அவர் என்னிடம் கேட்டது தண்ணீர்தான். நான் ஏசிவிட்டேன். அப்புறம், நீ போட்ட கோட்டைத் தாண்டி இரண்டு ஸ்பூன் கொடுத்தேன்.